கறுப்புப் பம்பரை அகற்றிய எம்ஜிபி: கிளிநொச்சியில் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

எம்ஜிபி என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரின் பிற்காலத்துக் கறுப்புப் பம்பர்களைக் கழற்றிவிட்டு, அதன் முற்காலத்துக் குரோம் பம்பர் முகத்தைத் திருப்பிக் கொடுப்பது, பழைய கார்ப் பிரியர்கள் பல நாடுகளில் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. கிளிநொச்சிக் கராஜ் ஒன்றில் செய்யப்பட்ட அத்தகைய ஒரு மாற்றத்தை, முதற் பரிசோதனையிலிருந்து ஒரு மாரிகாலம் கழிந்த நிலை வரை, இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த வேலையை விளக்குவோர் பெரும்பாலும் பம்பரை மாற்றுவதையும் காரின் உயரத்தைக் குறைப்பதையும் ஒரே வேலையின் இரு பாதிகளாகவே பேசுகின்றனர். இங்கிலாந்தின் தார் வீதிகளில் அது சரியாக இருக்கலாம். வன்னியில் அவை இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டு, தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும் என்பதே இந்தக் காரில் வேலை செய்து நாங்கள் தெளிந்த கருத்து. பம்பரை மாற்றினோம், உயரத்தில் கை வைக்கவில்லை.

கார்

1975ஆம் ஆண்டுத் தயாரிப்பான இது, திறந்த கூரையும் இரண்டு இருக்கைகளும் கொண்ட, வலப்பக்க ஸ்ரியறிங் உள்ள வெள்ளைக் கார். 1798 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் இரட்டை எஸ்யூ காபுரேற்றர்களும் அப்படியே இருந்தன. போர்க்காலம் முழுவதும் கொழும்பில் மூடிய கராஜ் ஒன்றில் நின்றதனால் தப்பிய இந்தக் காரை, ஓய்வுபெற்ற ஆசிரியரான இப்போதைய உரிமையாளர் தமது தாய்மாமனிடமிருந்து பெற்றுக்கொண்டு, ஏ9 வீதி மீண்டும் திறந்து சில ஆண்டுகளின் பின்னர் வன்னிக்குக் கொண்டுவந்தார். அவருடைய வீடு மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் கிரவல் வீதியில் இருக்கிறது. அந்த வீதி ஒரு குளக்கட்டின் ஓரமாகச் சென்று, இரண்டு மதகுகளைக் கடந்து போகிறது. காட்சிக்கு வைக்கும் காராக அவர் இதைக் கருதவில்லை. கிழமையில் ஓரிரு தடவையாவது கிளிநொச்சிக்கும், இடைக்கிடை வவுனியாவுக்கும், மாங்குளம் வழியாக முல்லைத்தீவுக்கும் ஓட்டிச் செல்ல வேண்டும் என்பதே அவர் முதலில் வைத்த நிபந்தனை. பின்னர் எடுத்த ஒவ்வொரு தீர்மானத்துக்கும் இந்த நிபந்தனைதான் அளவுகோலாக இருந்தது.

கறுப்புப் பம்பர் வந்த காரணம்

எம்ஜிபி 1962ஆம் ஆண்டு வெளிவந்தபோது, மெல்லிய குரோம் பட்டையே அதன் பம்பர். 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா பம்பர்களுக்கென ஒரு பாதுகாப்பு விதியைக் கொண்டுவந்தது. 1973 மாதிரி ஆண்டிலிருந்து, மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கம் தடையொன்றில் மோதினாலும் விளக்குகள், எரிபொருள் அமைப்பு போன்ற பாதுகாப்புப் பாகங்கள் பழுதாகக்கூடாது என்று அந்த விதி சொன்னது. அடுத்த ஆண்டில், பம்பர் நிலத்திலிருந்து எந்த உயரத்தில் அடியைத் தாங்க வேண்டும் என்பதும் அதில் சேர்க்கப்பட்டது. சோதனை உயரம் 16 அங்குலத்துக்கும் 20 அங்குலத்துக்கும் இடைப்பட்டதாக இருந்தது. தாழ்ந்து நிற்கும் எம்ஜிபிக்கு அந்த உயரம் எட்டாத ஒன்று. காரின் பெரும் சந்தை அமெரிக்காவாக இருந்தபடியால், அதைத் தயாரித்த பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் 1974 செப்ரெம்பரில் உருக்குச் சட்டத்தின் மேல் கறுப்புப் பொலியூரித்தேன் போர்த்திய பெரிய பம்பர்களைப் பொருத்தி, முழுக் காரையும் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர் அளவுக்கு உயர்த்தியது. அமெரிக்காவுக்கென்று ஒரு வடிவமும் ஏனைய நாடுகளுக்கென்று வேறொரு வடிவமும் செய்யாமல், எல்லாச் சந்தைகளுக்கும் இதையே அனுப்பியது. இந்த விதியோடு எந்தத் தொடர்பும் இல்லாத எங்கள் நாட்டுக் காரும் அதே முகத்தோடு வந்து சேர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

இதே காலத்தில் திறந்த கூரை வடிவத்திலிருந்து முன் ஸ்டெபிலைசர் பாரும், அதாவது வளைவில் உடல் சரிவதைத் தடுக்கும் தண்டும், நீக்கப்பட்டது. உயர்த்தப்பட்ட உடல், நீக்கப்பட்ட தண்டு என்ற இரண்டும் சேர்ந்தபோது, வளைவுகளில் கார் அதிகமாகச் சரியத் தொடங்கியது. 1977 மாதிரி ஆண்டுக் கார்களில் முன்னும் பின்னும் ஸ்டெபிலைசர் பார்கள் பொருத்தப்பட்டு அந்தக் குறை பெருமளவு தீர்க்கப்பட்டது. 1980 ஒக்ரோபரில் எம்ஜிபி தயாரான அபிங்டன் தொழிற்சாலை மூடப்படும் வரை அந்த ஏற்பாடு தொடர்ந்தது. அதாவது, எங்கள் கையில் இருந்த 1975 கார் இந்த வரலாற்றின் மிகப் பலவீனமான இடைவெளியில் தயாரானது. கறுப்புப் பம்பர்க் கார்கள் எல்லாம் ஓட்டத்துக்கு உதவாதவை என்று பரவிவிட்ட பெயருக்கு, இந்த இடைக்காலக் கார்களே பெரிதும் காரணமாயின என்று நான் கருதுகிறேன். பழி பம்பரின் மேல் விழுந்தது; தவறு பெருமளவுக்குக் காணாமற்போன அந்தத் தண்டினுடையது.

கழற்றியபோது கண்டவை

உரிமையாளர் முதலில் கேட்டது பழைய பம்பர்களையே மீண்டும் கறுப்பாக்க முடியுமா என்பதுதான். பொலியூரித்தேன் வெயிலின் புறஊதாக் கதிரில் மேலிருந்து சிதைந்து சாம்பல் பூத்துப் போகும். இந்தக் காரின் முன் பம்பரை விரலால் தேய்த்தால் நரைத்த தூள் விரலில் ஒட்டியது. மேல் விளிம்பில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. வளையக்கூடிய பெயின்ற் பூசி இதை மறைக்கலாம். ஆனால், நிழலில்லாத முற்றத்தில் நிற்கும் காருக்கு வன்னி வெயிலில் அந்தப் பூச்சு நெடுங்காலம் நிலைக்காது. எனினும், பம்பரின் வெளித்தோற்றத்தை வைத்தே முடிவெடுக்க நாங்கள் விரும்பவில்லை. உள்ளிருக்கும் உருக்குச் சட்டம் நலமாக இருந்தால், பழைய பம்பரைத் திருத்திப் பூசுவதையே பரிந்துரைத்திருப்பேன்.

முன் பம்பரை இறக்கியபோது நிலைமை தெளிவாகியது. அது இருவர் சேர்ந்து தாங்க வேண்டிய பாரமுடையது. திருப்பி வைத்ததும், பொலியூரித்தேனுக்கும் சட்டத்துக்கும் இடையிலிருந்த பள்ளத்தில் கிரவல் வீதியின் செம்மண் சுண்ணாம்புச் சாந்துபோல இறுகிக் கிடந்தது. சுரண்டி எடுக்க, அதனோடு சேர்ந்து துருப்பொருக்குகளும் உரிந்து வந்தன. மாரிகாலத்தில் அந்த மண் நீரை உறிஞ்சி வைத்து, கோடை தொடங்கி நெடுநாள் வரைக்கும் உருக்கை ஈரமாகவே வைத்திருந்திருக்கிறது. இடப்பக்கப் பொருத்து முனையில் சட்டம் சுத்தியலின் மெல்லிய தட்டுக்கே உள்வாங்கியது. மோதலைத் தாங்குவதற்காகவே செய்யப்பட்ட பாகம் மோதலைத் தாங்கும் நிலையில் இல்லை. வெளியே பூசி அழகாக்கியிருந்தால், இல்லாத பாதுகாப்பொன்று இருப்பதாகக் காட்டியிருப்போம்.

இதைக் கண்ட பின்னரே மாற்றம் பற்றிய பேச்சு தொடங்கியது. ரிங்கர் வேலையைப் பொறுப்பேற்றவர், ஒஸ்ரின், மொரிஸ் கார்களின் மட்கார்ட்களை வெறுந்தகட்டிலிருந்து அடித்தெடுத்துப் பழகியவர். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் கார்களைப் பாகம் எதுவும் வராத நாட்களில் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் உரிமையாளரிடம் சொன்னது இந்த வேலையின் தன்மையை நேராகச் சொல்கிறது: “மாஸ்ரர், பம்பரைக் கழட்டிப் பூட்டுறது பெரிய வேலையில்லை. அதுக்குப் பின்னால நிக்கிற தகடெல்லாம் அந்தப் பம்பருக்கெண்டு வெட்டின தகடு. அதைத்தான் நாங்கள் மாத்தோணும்.” உரிமையாளர் கேட்ட மறுகேள்வியும் முக்கியமானது: “தம்பி, பிறகு ஒருநாள் பழையபடி மாத்தோணுமெண்டால் ஏலுமோ?” இந்தக் கேள்வியினால்தான், எதை வெட்டுவது, எதை வெட்டாமல் விடுவது என்பதை வேலைக்கு முன்னரே எழுதிவைத்தோம்.

வேறு இரு வழிகளும் பேசப்பட்டன. பம்பரே இல்லாமல் விடுவது ஒன்று. முன் மூலைகளில் மட்டும் சிறு அரைப் பம்பர்கள் வைப்பது மற்றொன்று. இரண்டும் பந்தயக் கார்களுக்கு ஏற்றவை. மாடுகளும் முச்சக்கர வண்டிகளும் நெருங்கி நகரும் சந்தை வீதியில் ஓடும் காருக்கு அவை வேண்டாம் என்று அவற்றை உடனே விட்டுவிட்டோம்.

உயரம் பற்றிய தீர்மானம்

குரோம் பம்பர் பொருத்துபவர் அதனோடு காரைத் தாழ்த்துவதற்குக் காரணம் இரண்டு. மெல்லிய பம்பரின் கீழ் சில்லுக்கும் மட்கார்ட்டுக்கும் இடையிலுள்ள வெளி பெரிதாகத் தெரிவது முதலாவது. தாழ்ந்த கார் வளைவில் நன்றாக நிற்பது இரண்டாவது. பின்பக்கத்தைத் தாழ்த்த, பின் அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங் எனப்படும் அடுக்குத் தகட்டு வில்லுக்கும் இடையில் கட்டை வைப்பார்கள் அல்லது பழைய வடிவத்துக்குரிய வில்லைப் பூட்டுவார்கள். முன்பக்கத்தில் குட்டையான சுருள் வில் போடலாம். அல்லது முன் அச்சுத் தாங்கியான குறுக்குச் சட்டத்தையே பழைய வடிவத்துக்குரியதாக மாற்றலாம். இந்தக் கடைசி வழியில் ஸ்ரியறிங் றாக் அமரும் நிலை மாறும். ஸ்ரியறிங் தண்டின் இணைப்பு மூட்டு சரியான கோணத்தில் வராவிட்டால், திருப்பும்போது கனத்து, காலப்போக்கில் மூட்டே தேயும். இதை அளந்து பொருத்தும் வசதியில்லாமல் எவரும் தொடக்கூடாது.

எங்களைத் தடுத்தது அந்தச் சிரமம் மட்டும் அன்று. எம்ஜிபியின் சைலன்சரும் புகைக் குழாயும் வயிற்றின் அடியில் தாழ்ந்து செல்கின்றன. குளக்கட்டு வீதியில் உழவு இயந்திரங்கள் ஓடி ஓடி, இரு சில்லுத் தடங்களுக்கும் நடுவில் மண் முதுகு உயர்ந்து நிற்கிறது. மாரி முடிந்து மண் இறுகியதும் அந்த முதுகு கல்லுக்குச் சமம். மதகில் ஏறி இறங்கும்போது காரின் நடுப்பகுதி எவ்வளவு விலகிக் கடக்கிறது என்பதை, புகைக் குழாயின் அடியில் ஈரக் களிமண் உருண்டையை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். களிமண்ணின் நுனி வழிக்கப்பட்டிருந்தது. அப்போது இருந்த உயரத்திலேயே விலகல் அந்தளவுதான். அதில் 38 மில்லிமீற்றரைக் கழித்தால், ஒவ்வொரு பயணத்திலும் குழாய் மதகில் உரசும். அமெரிக்க விதிக்காக உயர்த்தப்பட்ட கார், நினையாத விதமாக வன்னி வீதிக்கு ஏற்ற உயரத்தில் நிற்கிறது. அதை விட்டுக்கொடுக்க நியாயமான காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆயினும் வளைவில் சரிவது உண்மையான குறை. இந்தக் காரின் பின் அச்சு, இரு சில்லுகளையும் ஒரே குழலில் இணைக்கும் பழைய முறை அச்சு; அதைத் தாங்கிப் பிடிப்பதும் வழிநடத்துவதும் லீஃப் ஸ்பிரிங்குகளே. உடல் ஒரு பக்கம் சரியும்போது ஒரு வில் அமுங்க, மறு வில் விரிய, அச்சின் ஒரு முனை சற்றுப் பின்னும் மறுமுனை சற்று முன்னும் நகர்ந்து, ஓட்டுநர் கேட்காமலேயே பின்பக்கம் சிறிது திரும்புகிறது. சரிவு கூடக் கூட இந்தத் திருப்பமும் கூடும். எனவே உயரத்தைக் குறைக்காமல் சரிவைக் குறைப்பதே எங்களுக்கு உகந்த வழியாயிற்று. அதற்கு முன் ஸ்டெபிலைசர் பாரைத் திருப்பிப் பூட்டினோம். அந்தத் தண்டு இரு முன் சில்லுகளின் கீழ்க் கைகளையும் இணைத்து முறுக்குவில்லாக வேலை செய்கிறது. இரு சில்லுகளும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது தலையிடாது. ஒன்று ஏற மற்றது இறங்கினால் மட்டுமே எதிர்த்து முறுகும். பம்பர் வேலைக்கு முன்னதாகவே இதைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தமை நல்ல முடிவு. பின்னர் பம்பரின் பாரம் குறைந்ததால் வந்த மாற்றத்தையும் தண்டினால் வந்த மாற்றத்தையும் பிரித்தறிய அது உதவியது.

முன்பக்க வேலை

பம்பரைக் கழற்றும் கட்டத்திலேயே ஓர் எச்சரிக்கை தேவை. பொருத்து போல்ற்றுகள் துருவில் இறுகியிருந்தன. இறுகிய போல்ற்றைக் கண்டதும் காஸ் சுடரை எடுப்பது எங்கள் கராஜ்களின் வழக்கம். ஆனால் பொலியூரித்தேன் எரியும்போது காபன் மொனொக்சைட்டோடு ஐதரசன் சயனைட்டும் வெளிவரும்; மூடிய கொட்டகைக்குள் அது உயிருக்கே ஆபத்து. ஆகவே சுடரைத் தொடவே இல்லை. ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, அதற்கும் இளகாத நட்டுகளைக் கையரத்தாலும் உளியாலும் பிளந்து எடுத்தோம். பொறி பறக்கும் வெட்டு இயந்திரத்தைக்கூடப் பம்பர் இறங்கும் வரை பயன்படுத்தவில்லை.

குரோம் பம்பர்க் காரில் பம்பருக்குக் கீழே உடல் நிறத்தில் ஒரு முன் கீழ்த்தகடு உண்டு. கறுப்புப் பம்பர் அந்த இடம் முழுவதையும் மூடிவிடுவதால், அந்தக் காரில் கீழ்த்தகடு தேவைப்படவில்லை. மட்கார்ட்களின் முன் கீழ் மூலைகளும் அதற்கேற்ப வேறாக முடிகின்றன. முழு மட்கார்ட்களை வாங்குவதற்குப் பதிலாக, கீழ் மூலைகளுக்கான திருத்தத் தகடுகளையும் கீழ்த்தகட்டையும் பழைய வடிவக் கிறிலையும் இங்கிலாந்திலுள்ள உறவினர் மூலம் தருவித்தோம். பழைய மட்கார்ட்கள் மற்றப்படி உறுதியாக இருந்தன; தொழிற்சாலைத் தகடு ஒன்றை வீணாக வெட்டியெறிவதை நான் விரும்புவதில்லை.

ஒழுங்குமுறை இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எம்ஜிபிக்குத் தனியான சேசிஸ் இல்லை, உடலே சட்டம். கூரையும் இல்லாதபடியால் உறுதியின் பெரும்பங்கைக் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதிகள் தாங்குகின்றன. காரைத் தவறான இடங்களில் முட்டுக்கொடுத்து உயர்த்தி வெல்டிங் செய்தால், வளைந்த நிலையிலேயே தகடு ஒட்டிக்கொள்ளும். இறக்கிய பின் கதவு பூட்டாது. ஆகவே கார் தன் நான்கு சில்லுகளில் நிற்கும்போதே கிறில், கீழ்த்தகடு, மூலைத் தகடுகள், பம்பர் ஆகிய எல்லாவற்றையும் இடுக்கிகளால் தற்காலிகமாகப் பிடித்து, பொனற்றையும் மூடி, எல்லா இடைவெளிகளும் சீரான பின்னரே புள்ளி புள்ளியாக ஒட்டினோம். ஒரு புள்ளி இப்பக்கம், அடுத்தது அப்பக்கம் என்று சூட்டைப் பரப்பி ஒட்டியதால் தகடு அலைபாயவில்லை. கதவு இடைவெளியை ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து குறித்துவந்தோம்.

உடலோடு சேர்ந்தே முன்னே நீளும் பெட்டிச் சட்டங்களான முன் சட்டக் கால்களின் நுனியில் கறுப்புப் பம்பருக்கென வலுவூட்டிய பொருத்துதளங்கள் இருந்தன. முழுவதும் வெட்டி எறிவது எளிது. ஆனால் மாஸ்ரரின் கேள்வியை மனதில் வைத்து, கீழ்த்தகட்டில் இடித்த பகுதியை மட்டும் சீவினோம். திறந்துபோன பெட்டி முனையை தகட்டால் மூடி, அடியில் நீர் வடியத் துளை விட்டோம். குரோம் பம்பர், சட்டக் காலின் பக்கத்தில் போல்ற் போடும் உருக்குப் பட்டைகளில் அமர்கிறது. அந்தத் துளைகளைத் துப்புரவாக்குவதே போதுமாக இருந்தது.

விளக்குகளும் வயரிங்கும்

இந்தப் பகுதி சிறியதாகத் தோன்றினாலும், பின்னாளில் தொல்லை தருவது இதுவே. கறுப்புப் பம்பர்க் காரில் முன் சிக்னல் விளக்குகள் பம்பருக்குள்ளேயே இருக்கின்றன. பம்பர் போனால் விளக்கும் போகும். பழைய வடிவ விளக்குகள் மட்கார்ட்டின் முகத்தில், முன்விளக்குக்குக் கீழே அமர்கின்றன. எனவே மட்கார்ட்டில் புதிய துளை வெட்ட வேண்டும். பம்பரும் கிறிலும் இறுதியாக அமர்ந்த பின்னரே, அட்டையில் வெட்டிய அச்சை இரு பக்கமும் ஒப்பிட்டு இடத்தைக் குறித்தோம்.

வயர்களைப் பொறுத்தவரை பிரித்தானியக் கார்களின் நிற ஒழுங்கு உதவுகிறது. இடச் சிக்னலுக்குப் பச்சையில் சிவப்புக் கோடு, வலச் சிக்னலுக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு, சிறு விளக்குக்குச் சிவப்பு, நிலத்தொடுப்புக்குக் கறுப்பு. நிலத்தொடுப்பில்தான் கவனம் வேண்டும். மட்கார்ட் உலோகத்தில் திருகிய விளக்கு, அந்தத் திருகின் வழியாகவே மின்சுற்றை முடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். புதிய பெயின்ற்றும் இறப்பர் விளிம்பும் அந்த வழியை அடைக்க, விளக்கு மங்கி, சிமிட்டும் வேகமும் குழம்பும். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கறுப்பு வயரை இழுத்து, பெயின்ற் சுரண்டிய ஒரே புள்ளியில் இணைத்து, அதன்மேல் கிறீஸ் பூசினோம். பின்பக்கத்தில் இலக்கத்தகட்டு விளக்குகளும் பம்பரோடு சேர்ந்தே இருந்தவை. அவை புதிய பம்பரின் நிமிர்ந்த முட்டுகளுக்கு மாற்றப்பட்டன. இலக்கத்தகடு இரவில் தெளிவாகத் தெரிவது சட்டத் தேவையும்கூட.

பின்பக்கம்

பின்பக்கத்தில் வெட்டும் இடம் குறைவு, ஆபத்து அதிகம். எரிபொருள் தாங்கி டிக்கியின் தளத்துக்கு நேர் கீழே பூட்டப்பட்டிருக்கிறது. மூலைத் தகடுகளை ஒட்டும் இடம் அதற்கு மிக அண்மையில் வருகிறது. நிரம்பிய தாங்கியைவிட வெறுமையான தாங்கி ஆபத்தானது, ஏனெனில் அதனுள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். பெற்றோலை வடித்துவிட்டோம், ஈரத்துணி போட்டோம் என்று சமாதானம் சொல்லி வெல்டிங் செய்யும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். தாங்கியை முற்றாகக் கழற்றி, குழாய் வாய்களை அடைத்து, கொட்டகைக்கு வெளியே தூரத்தில் நிழலில் வைத்த பின்னரே பின்பக்கத்தில் சுடர் பட்டது. பற்றரியும் ஒல்ரனேற்றர் இணைப்புகளும் முன்பக்க வேலையின்போதே கழற்றப்பட்டிருந்தன. ஏனைய வேலை முன்பக்கத்தைப் போன்றதே.

பெயின்ற் வேலையை மாசி, பங்குனி மாதங்களில் வைத்துக்கொண்டோம். மாரியின் ஈரத்தில் அடித்தால் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பால்போல வெளிறும். சோளகம் தொடங்கினால் புழுதி ஒட்டும். இடைப்பட்ட அந்தக் காலத்தைத் தவறவிட்டால் வேலையை ஒத்திவைப்பதே மேல். ஒட்டுத் தையல்களின் உட்புறத்தில் சிங்க் அடிப்பூச்சும், மேலே தையல் அடைப்பானும், மூடிய பெட்டிகளுக்குள் மெழுகு எண்ணெயும் இட்டோம். பட்டி போடுவதை மிகக் குறைவாகவே வைத்தோம். தகட்டை அடித்து நேராக்கத் தெரிந்தவர் கையில் இருக்கும்போது பட்டியால் நிரப்புவதற்குத் தேவை எழவில்லை.

பம்பரின் உலோகம்

பழைய குரோம் பம்பரைத் தேடிப்பிடித்துப் புதுப்பிப்பதா, துருவேறா உருக்கில் செய்த பிரதியை வாங்குவதா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. நல்ல குரோம் பூச்சுக்குத் தனி அழகு உண்டு. அதன் பளபளப்பில் மெல்லிய நீலச்சாயல் தெரியும். துருவேறா உருக்கு சற்று மஞ்சட் கலந்த வெண்மை. பக்கத்தில் வைத்தால் கண் பழகியவருக்கு வேறுபாடு புலப்படும். ஆனால் பம்பரின் வெளிக் குரோம் படலம் ஒரு மைக்ரோன் தடிப்புக்கூட இல்லாதது. உண்மையில் காப்பது அதன் கீழுள்ள நிக்கல் படைதான். கிரவல் கல் பட்டு அந்தப் படை ஓரிடத்தில் உடைந்தால், உப்புக் காற்று உருக்கை உள்ளிருந்து அரித்து, பூச்சைக் கொப்புளமாக உரித்துவிடும். உரிமையாளர் முல்லைத்தீவுக் கடற்கரைக்கு ஓடுபவர் என்பதால், வியட்நாமில் செய்யப்படும் துருவேறா உருக்குப் பிரதியையே தெரிவு செய்தோம். அதிலும் கடற்காற்றில் பழுப்புத் தேமல் படியும், கழுவினால் போய்விடும்.

பிரதிகள் அச்சொட்டாகப் பொருந்துவதில்லை. முன் பம்பரின் இட முனை மட்கார்ட்டிலிருந்து ஒரு விரற்கடை விலகி நின்றது. போல்ற்றை இறுக்கி முனையை உள்ளே இழுத்துவிட ஆசை வரும். அப்படி இழுத்தால் பம்பர் எப்போதும் மட்கார்ட்டைத் தள்ளிக்கொண்டேயிருக்க, பெயின்ற் வெடிக்கும். தாங்கு பட்டைக்கும் சட்டக் காலுக்கும் இடையில் மெல்லிய தகட்டு வாஷர்களைச் சேர்த்து, ஒரு துளையை அரத்தால் நீட்டி, முனை தானாகவே இடத்துக்கு வரும்வரை சரிசெய்தோம். அது பொறுமை கேட்ட வேலை. துருவேறா உருக்கும் சாதாரண உருக்கும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் சாதாரண உருக்கு விரைந்து அரிபடும் என்பதால், தொடும் இடங்களில் நைலோன் வாஷர்களும் கிறீஸும் இட்டோம்.

மாரிக்குப் பின்

வாடை மழை முடிந்த பின் காரை மீண்டும் உயர்த்திப் பார்த்தோம். கீழ்த்தகட்டின் பின்புறத்தில் செம்மண் தெறித்திருந்தாலும், முன்போலத் தேங்கி நிற்கவில்லை. குழாய் நீரில் கழுவியதும் உதிர்ந்தது. இது நாங்கள் எதிர்பாராத பெரிய இலாபம். கறுப்புப் பம்பரின் பின்புறம் கைக்கு எட்டாதது, குரோம் பம்பரின் பின்புறம் இருபுறமும் திறந்தது. வடிகால் துளைகள் இரண்டும் திறந்தபடியே இருந்தன. வலப் பின் மூலைத் தையலில் ஓரிடத்தில் அடைப்பான் உரிந்து சிறு துருக்கோடு தெரிந்தது. சுரண்டி மீண்டும் பூசப்பட்டது.

ஓட்டத்தில் மிகப் பெரிய மாற்றம் ஸ்டெபிலைசர் பாரால் வந்தது. ஏ9 வீதியில் எதிரே பேருந்து வரும்போது இடப்பக்கம் ஒதுங்கி மீளும் நேரத்தில் உடல் முன்போலத் தத்தளிக்கவில்லை. பம்பர் மாற்றம் இதற்குமேல் சேர்த்தது சிறியது, ஆனால் உணரக்கூடியது: காரின் இரு கடைமுனைகளிலும் இருந்த பாரம் குறைந்ததால், ஸ்ரியறிங்கைத் திருப்பியவுடன் முன்பக்கம் தயங்காமல் திரும்புகிறது. குளக்கட்டு மதகை உரசாமல் கடக்கிறது. சில்லுக்கு மேலுள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியத்தான் செய்கிறது. புகைப்படத்தில் 1972ஆம் ஆண்டுக் காரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது உறுத்தலாம். உரிமையாளர் அதைப் பொருட்படுத்தவில்லை, நானும் அவர் பக்கமே.

இழந்தது பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல நிலையிலுள்ள கறுப்புப் பம்பர், நடைவேகத்தைவிடச் சற்றுக் கூடிய வேகத்தில் மோதினாலும் உடலைக் காப்பாற்றும். உருக்குப் பட்டை அந்த அடியை மட்கார்ட்டுக்குக் கடத்திவிடும். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கும், பின்விளக்கில்லாமல் நெல் மூட்டையோடு வரும் லான்ட்மாஸ்ரர் எனும் இருசில்லு உழவு இயந்திரங்களுக்கும் எந்தப் பம்பரும் விடையாகாது. அதற்கு நல்ல முன்விளக்கும் குறைந்த வேகமுமே வேண்டும். காரின் உயரம் மாறாததால் முன்விளக்குகளின் குறி தவறவில்லை என்பதும் இங்கே நன்மையாயிற்று.

கழற்றிய பம்பர்கள் இரண்டும், அவற்றின் விளக்குகளும் மீட்க முடிந்த போல்ற்றுகளும் பெயர்ச்சீட்டுக் கட்டப்பட்டு, உரிமையாளரின் களஞ்சிய அறையில் பலகை மேல் முழு நீளமும் தாங்கும்படி கிடத்தப்பட்டுள்ளன. தொங்கவிட்டால் பொலியூரித்தேன் காலப்போக்கில் உருமாறும். வெட்டிய இடங்களின் படங்களும் அளவுகளும் காரின் கோப்பில் இருக்கின்றன. சேசிஸ் இலக்கமோ தயாரிப்பு ஆண்டோ மாறவில்லை; இது குரோம் பம்பர் பொருத்தப்பட்ட 1975 கார் என்று கோப்பின் முதற் பக்கத்திலேயே எழுதப்பட்டுள்ளது, பின்னொரு நாள் வாங்குபவர் இதைப் பழைய வடிவத்துக் காரென்று எண்ணி ஏமாறக்கூடாது. பின் ஸ்டெபிலைசர் பார் இன்னும் பொருத்தப்படவில்லை. முன் தண்டோடு சமப்படுத்தாமல் பின்பக்கத்தை மட்டும் இறுக்கினால், ஈரக் கிரவலில் பின்சில்லு முன்னதாகவே வழுக்கக்கூடும். ஆகவே லீஃப் ஸ்பிரிங்குகளின் இறப்பர் புஷ்கள் மாற்றப்பட்டு, கார் மீண்டும் அளக்கப்பட்ட பின்னரே அதைப் பற்றி முடிவெடுக்கப்படும்.